அரைக் கோடும் ஆர்க்-வியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று முறை நினைவூட்டிவிட்டார். எனக்குக் கவிதை வராது. நட்பைப் பற்றியும், கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சி மொழியில் கொஞ்சம், மாடு கறப்பதில் கொஞ்சம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட ஒரு சம்பவம் எங்கள் வீட்டில் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பால் குடிக்கிற எல்லோருக்கும் புரியும்.

போன வருடம் மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு சி லேப். ரெக்கார்டு நோட்டில் ஒரு பயிற்சிக்கு, 'கட்டளை வரி ஆர்க்யுமென்ட்கள் மூலம் எளிய கால்குலேட்டர்' என்று தலைப்பு. அதுவரை நாங்கள் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் ஒரே ரகம். ஓட்டினால், 'முதல் எண்ணைக் கொடு' என்று கேட்கும். கொடுப்போம். 'இரண்டாம் எண்ணைக் கொடு' என்று கேட்கும். கொடுப்போம். ஸ்கேன்எஃப் போட்டால் அப்படித்தான், கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கும். இந்தப் பயிற்சியில் அது கூடாது. புரோகிராமின் பெயரைத் தட்டும்போதே, அதே வரியில், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துத் தட்டிவிட வேண்டும். அதாவது கால்க் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 4, இடைவெளி விட்டுக் கூட்டல் குறி, இடைவெளி விட்டு 3. என்டர் தட்டினால் 7 வர வேண்டும். நடுவில் ஒரு கேள்வியும் கிடையாது.

மேடம் போர்டில் எழுதிப் போட்டார்கள். மெயின் என்ற ஃபங்ஷனுக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு பொருள்கள் வரும். ஒன்று ஆர்க்-சி. எத்தனை சொற்கள் வந்திருக்கின்றன என்ற எண்ணிக்கை. இன்னொன்று ஆர்க்-வி. வந்த சொற்களின் வரிசை. வரிசை பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யத்தில் இருப்பது புரோகிராமின் பெயரேதான். நாம் கொடுத்த முதல் சொல் ஒன்றில், அடுத்தது இரண்டில். ஆகவே கால்க், 4, கூட்டல், 3 என்று கொடுத்தால் ஆர்க்-சி நான்கு.

"பேரையும் எதுக்கு மேடம் எண்ணணும்? அது நமக்குத் தெரிஞ்சதுதானே?" என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் கேட்டான். மேடம் ஏதோ விளக்கம் சொன்னார்கள். எனக்கு அதற்குள் எங்கள் ஊர் மளிகைக்கடை ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது அம்மா கடைக்கு அனுப்புவார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் சீட்டு கிடையாது. "கடலைப்பருப்பு கால் கிலோ, வரமொளகா நூறு, தீப்பெட்டி ஒண்ணு. சொல்லிக்கிட்டே போ சாமி" என்பார். நானும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடுவேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "நீ ஆரு பையன்?" என்பதைத்தான். அதைச் சொன்ன பிறகுதான் பருப்பு, மிளகாய். அது பூஜ்யமாவது ஆர்க்யுமென்ட்! ஒரு நாள் பாதி வழியில் கல் தடுக்கி விழுந்து, எழுந்தபோது பட்டியல் மாறிவிட்டது. கடலைப்பருப்பு நூறு, வரமிளகாய் கால் கிலோ. கடைக்காரர் கேள்வி கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் எனக்குக் கிடைத்த அவுட்புட் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

கட்டளை வரியும் அப்படித்தான். வரிசை மாறினால் புரோகிராமுக்குத் தெரியாது. எதையும் சொல்லாமல் போய் நின்றால் இன்னும் மோசம். முதல் நாள் லேப்பில் பாதிப் பேர் வெறும் கால்க் என்று மட்டும் தட்டிவிட்டு, 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வாங்கினோம். கொடுக்காத சொல்லை எடுக்கப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இல்லாததைப் படிக்கப் போனால் புரோகிராம் விழுந்துவிடும். அதனால்தான் முதலில் ஆர்க்-சியைப் பார், அப்புறம் ஆர்க்-வியைத் தொடு என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள்.

கூட்டல் வந்தது. கழித்தல் வந்தது. வகுத்தல்கூட வந்தது. பெருக்கல்தான் வரவில்லை. 4, நட்சத்திரக் குறி, 3 என்று கொடுத்தால், 'உள்ளீடு தவறு' என்று நான் எழுதி வைத்திருந்த வரியே என் முகத்தில் அடித்தது. எனக்கு மட்டும் இல்லை, எங்கள் பேட்ச் முழுக்க அதே கதை. காரணம் சுலபம். நாங்கள் அத்தனை பேரும் ஒரே சீனியர் அண்ணனின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தோம். (மேடத்துக்கு இது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதனால் இங்கே ஒப்புக்கொள்வதில் ஆபத்தில்லை.) அவருக்கு வந்த பெருக்கல் எங்களுக்கு ஏன் வரவில்லை?

"ஆர்க்-வியில என்ன வந்திருக்குன்னு முதல்ல அச்சடிச்சுப் பாருங்க. வந்தது என்னன்னே பார்க்காம, வரலை வரலைன்னா எப்படி?" என்றார்கள் மேடம்.

ஒரு சின்ன லூப். பூஜ்யத்தில் தொடங்கி ஆர்க்-சிக்கு ஒன்று குறைவாக இருக்கும் வரை ஒவ்வொரு சொல்லாக அச்சிட வேண்டும். கெர்னிகனும் ரிச்சியும் எழுதி 1978-ல் முதலில் வந்த சி புத்தகத்திலும் இந்தப் பாடத்துக்கு உதாரணம் ஏறக்குறைய இதே புரோகிராம்தான். எக்கோ என்று பெயர், கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். நம் லைப்ரரியில் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு இருக்கிறது. மெல்லிய புத்தகம்தான், ஆனால் படிக்க நாளாகும்.

என் பக்கத்து சீட் நண்பன் லூப்பை ஓட்டினான். 4 வந்தது. அப்புறம் நட்சத்திரம் வர வேண்டிய இடத்தில் அந்த ஃபோல்டரில் இருந்த ஃபைல்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஃபேக்டோரியல், ஃபிபனாச்சி, பிரைம், மேட்ரிக்ஸ், நடுவில் 'லவ் லெட்டர்' என்று ஒன்று, கடைசியில் 3. ஆர்க்-சி 20. லேப் முழுக்க ஒரு லாகின்தான் என்பதால் அந்தக் கடிதம் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதியவர் இதைப் படித்தால், கடிதத்தை யாரும் திறக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

நடந்தது இதுதான். நாம் தட்டுவது நேராகப் புரோகிராமுக்குப் போவதில்லை. நடுவில் ஷெல் என்று ஒருவர் இருக்கிறார். அவர்தான் வரியை முதலில் வாங்குகிறார். இடைவெளி இருக்கும் இடத்தில் எல்லாம் வெட்டித் தனித்தனிச் சொல்லாக்குகிறார். நட்சத்திரக் குறியைக் கண்டால், 'இந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலும்' என்று பொருள் கொண்டு, அந்தப் பெயர்களை அங்கே வைத்துவிடுகிறார். அதன் பிறகுதான் புரோகிராமிடம் கொடுக்கிறார். புரோகிராம் நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை! சீனியர் அண்ணன் எழுதியது டர்போ சி-யில். டாஸ் வழியில், அங்கே கட்டளையை வாங்குபவர் நட்சத்திரத்தைத் தொடாமல் அப்படியே கொடுத்துவிடுவார். விரித்துக்கொள்வது புரோகிராமின் பாடு. எங்கள் லேப்பில் இப்போது லினக்ஸ். ஒரே குறி, இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் போய்ச் சேர்கிறது. நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தோம், 12 வந்தது. இடைவெளியோடு ஒரு பெயர் கொடுக்க வேண்டும் என்றாலும் மேற்கோள் குறிதான் வழி. இல்லாவிட்டால் இனிஷியல் ஒரு சொல், பெயர் ஒரு சொல் என்று இரண்டாகிவிடும்.

அன்றைக்கு எனக்கு ஒரு கர்வம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு, நூல்மில்லில் ஷிஃப்டுக்குப் போகிறார். அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. இரண்டு மாடு வைத்து, பால் ஊற்றி, என் ஃபீஸில் பாதியைக் கட்டுவது அம்மாதான். 'என்ற பையன் கம்பூட்டர் படிக்கிறான்' என்று சந்தையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். அவர்களில் யாராவது, 'என்ன படிக்கிறாப்ல?' என்று கேட்டுவிட்டால் அம்மாவுக்குப் பதில் தெரியாது. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பார். எனக்கும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரியாது. இப்போதுதான் காட்டுவதற்கு ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு சுவரில் இருக்கும். கட்டுத்தறி பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் அம்மா கோடு போடுவார். ஒரு லிட்டருக்கு ஒரு முழுக் கோடு. அரை லிட்டருக்கு அதில் பாதி உயரத்தில் ஓர் அரைக் கோடு. மேல் வரிசை காலைப் பால், கீழ் வரிசை பொழுதோடு கறந்தது. பால் எடுக்க வருகிற அண்ணன் மொபெட்டில் கேனோடு வருவார். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பத்து நாளைக்கு ஒருமுறை பணம். பணம் வந்ததும் அம்மா கோடுகளை எண்ணி, மனதுக்குள்ளேயே பெருக்கி, சரியாக இருந்தால் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிடுவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

இதை நான் புரோகிராம் ஆக்கினேன். அப்பா பழைய செல்போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் டெர்மக்ஸ் என்ற ஆப்பை ஏற்றினால் கம்ப்யூட்டர் மாதிரியே கட்டளை தட்டலாம், சி புரோகிராமும் கம்பைல் செய்யலாம். முதலில் ஸ்கேன்எஃப் வைத்துத்தான் எழுதினேன். அது 'முதல் நாள் காலை எத்தனை லிட்டர்?' என்று கேட்கும். நான் அம்மாவைக் கேட்பேன். அம்மா சொல்வார். 'முதல் நாள் மாலை எத்தனை லிட்டர்?' மறுபடி அம்மாவைக் கேட்பேன். நாலு நாள் கணக்குக்குள் அம்மா பொறுமை இழந்துவிட்டார். "என்னத்துக்குச் சாமி ஒவ்வொண்ணா நோண்டறே? நாஞ் சொல்லிக்கிட்டே போறேன், நீ எழுதிக்கோ."

அப்போதுதான் லேப் பயிற்சி ஞாபகம் வந்தது. ஸ்கேன்எஃப்பைத் தூக்கிவிட்டு ஆர்க்யுமென்டுக்கு மாற்றினேன். புரோகிராமின் பெயர் பால். முதல் ஆர்க்யுமென்ட் லிட்டர் விலை. அதன் பிறகு எத்தனை வேளையோ அத்தனை அளவுகள். இரண்டாம் இடத்தில் தொடங்கி ஆர்க்-சி வரை லூப் போட்டுக் கூட்டி, விலையால் பெருக்கினால் பணம். எத்தனை நாள் என்று கேட்கவே வேண்டாம், ஆர்க்-சி எண்ணிக்கொள்ளும். நடுவில் ஒன்றைத் தப்பாகத் தட்டினால் மேல் அம்புக்குறியை அழுத்தி அந்த ஒன்றை மட்டும் திருத்தலாம். 34, 4, 3 என்று கொடுத்துச் சோதித்தேன். 238. சரி. 34, 5, 4, 4, 4. 578. சரி. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம். அம்மா சுவருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு கோடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். "நாலரை, மூணரை, நாலரை, மூணு, நாலு, மூணரை..." அம்மா சொல்லும் வேகத்துக்கே நான் தட்டினேன். இருபது அளவுகள், ஒரே வரி. என்டர். 2448 ரூபாய் என்று வந்தது.

பால் எடுக்கிற அண்ணன் அன்று கொடுத்துவிட்டுப் போனது 2635.

"187 ரூபாய் சேர்த்துக் குடுத்துட்டாரும்மா" என்றேன்.

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். விரல் வைத்து ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "என்ற கணக்குக்கு அவரு குடுத்ததுதாஞ் சாமி சரியா வருது" என்றார்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா."

இதை நான் சொன்ன தொனியை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தார். மறுநாள் காலை பால் ஊற்றி முடித்த பிறகு கரித்துண்டை எடுக்கவே இல்லை. "கோடு போடலையாம்மா?" என்றேன். "இனி எதுக்கு? நீதாஞ் செல்லுல போட்டுக்குறியே. எனக்குக் கண்ணு மங்கிப் போச்சாட்ட இருக்குது, எண்ணறதுல தப்பிப் போகுது."

நான் காலேஜுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது பால் எடுக்கிற அண்ணன் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் வந்தபோது அம்மா 187 ரூபாயை எண்ணி அவர் கையில் கொடுத்திருக்கிறார். "தம்பி, நீங்க சேர்த்துக் குடுத்துட்டீங்க. என்ற பையன் கம்பூட்டர்ல போட்டுப் பார்த்துட்டான். அடுத்தவங்க காசு நமக்கு எதுக்கு?" என்றாராம். அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர், மத்தியானம் உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"ஏனுங்க்கா, எழுபத்தேழரை லிட்டர். முப்பத்துநாலு ரூவா. ரெண்டாயிரத்து அறநூத்து முப்பத்தஞ்சு. இதுல எங்க சேர்த்துக் குடுத்தேன்? தம்பி, நீங்களே பாருங்க" என்று நோட்டை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். அம்மா சொல்லி நான் தட்டிய அதே இருபது அளவுகள், அதே வரிசையில். நானே கையால் கூட்டினேன். எழுபத்தேழரை. அம்மா எண்ணியதும் எழுபத்தேழரைதான். அவரிடம் பணத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் செல்லை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

மேடம் சொன்னதைத்தான் செய்தேன். ஆர்க்-வியில் வந்ததை அச்சிட்டேன். 34. 4.5. 3.5. 4.5. 3. எல்லாம் முழுசாகத்தான் வந்திருக்கின்றன. ஷெல் ஒன்றையும் வெட்டவில்லை, எதையும் மாற்றவில்லை. அம்மா சொன்னது, நான் தட்டியது, புரோகிராமுக்குப் போனது, மூன்றும் ஒன்றுதான். அப்படியானால் எங்கே போயிற்று?

ஆர்க்-வியில் வருவது எல்லாம் எழுத்துச் சரம். எண் கிடையாது. நாம் 34 என்று தட்டினால் புரோகிராமுக்குப் போவது மூன்று என்ற எழுத்தும் நான்கு என்ற எழுத்தும்தான். அது விலையா, வீட்டு எண்ணா, பெயரா என்று ஷெல்லுக்குத் தெரியாது. எண்ணாக மாற்றிக்கொள்வது நம் வேலை. லேப்பில் ஒரு நண்பன் மாற்றாமலேயே இரண்டு ஆர்க்யுமென்டைக் கூட்டப் போய், கம்பைலரிடம் திட்டு வாங்கினான். நான் மாற்றினேன். ஏ-டூ-ஐ என்ற ஃபங்ஷனை வைத்து. ரெக்கார்டில் அதுதான் இருந்தது. அது சரத்தை இடமிருந்து வலமாகப் படிக்கும். இலக்கங்கள் வரும் வரை எடுத்துக்கொள்ளும். இலக்கம் அல்லாத ஒன்று வந்ததும் நின்றுவிடும். 4.5-ல் 4-ஐ எடுக்கும். புள்ளி இலக்கம் இல்லையே. அங்கே நின்றுவிடும். 'மிச்சம் இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லாது. எழுத்தையே கொடுத்தாலும் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். முழு எண்ணுக்காகச் செய்த ஃபங்ஷன் அது. அதன் மேல் குற்றம் இல்லை.

இருபது அளவுகளில் பதினொன்று அரையில் முடிந்தவை. பதினொன்று அரை, ஐந்தரை லிட்டர். முப்பத்துநாலால் பெருக்கினால் 187.

நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் முழு எண்கள். அம்மா பெற்ற பிள்ளை, தினம் பால் குவளையைக் கழுவுகிறவன், எங்கள் மாடு என்றைக்கு முழு எண்ணில் கறந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. 187 ரூபாய் பெரிய தொகையா என்று நினைக்கும் நண்பர்கள் ஒரு வாரம் காலை நாலரை மணிக்கு எழுந்து எங்கள் கட்டுத்தறிக்கு வரலாம். ஆனால் எனக்கு உறைத்தது பணம் இல்லை. அதுதான் திரும்பி வந்துவிட்டதே. இத்தனை வருடம் தப்பாத அம்மாவின் கணக்கு, நான் 'தப்பு' என்ற ஒரு சொல்லைச் சொன்னதும், தன் கண் மங்கிவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டது. பால் எடுக்கிற அண்ணன் நோட்டைக் கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்? பத்து நாளைக்கு ஒருமுறை அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார். நானும் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். "தப்பு என்னுதும்மா. உன் கண்ணு நல்லாத்தான் இருக்குது. நான் எழுதினது அரை லிட்டரை எல்லாம் விட்டுப்போட்டுது."

அம்மா அடுப்பில் இருந்து திரும்பாமலே கேட்டார், "அரைக் கோட்டை முழுங்கிப் போட்டுதாக்கும்?"

"ஆமா."

"அரை லிட்டருன்னா சும்மாவா? கன்னுக்குட்டிக்கு விட்டிருந்தாலும் குடிச்சிருக்குமே." அவ்வளவுதான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "செல்லுத் தப்புப் பண்ணாதுன்னியே?" என்று மட்டும் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். செல் தப்புப் பண்ணவில்லை, நான் என்ன எழுதினேனோ அதைத்தான் செய்தது என்றேன். "அப்பச் சரி. நீ சரியா எழுது" என்றார்.

மறுநாள் லேப்பில் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை, 4.5-ஐ 4 என்று எடுக்கிறது என்று மட்டும். ஏ-டூ-எஃப் போட்டால் புள்ளிக்குப் பிறகும் எடுக்கும், ஆனால் அதுவும் தப்பு வந்தால் வாயைத் திறக்காது, எஸ்-டி-ஆர்-டூ-டி என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார் என்றார்கள். அது எண்ணை எடுத்துக் கொடுப்பதோடு, படித்துக்கொண்டு வந்து எந்த இடத்தில் நின்றது என்பதையும் சொல்லும். சரத்தின் கடைசி வரை போயிருந்தால் முழுசாகப் படித்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் நின்றிருந்தால், அங்கே ஏதோ மிச்சம் இருக்கிறது. ரெக்கார்டில் இது இல்லை. சிலபஸிலும் நான் பார்த்த வரை இல்லை. மூன்றாம் செமஸ்டர் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த ஒன்றையாவது என் கட்டுரையில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள்.

இப்போது பால் புரோகிராம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. என்டர் தட்டினால் உடனே பணத்தைச் சொல்லாது. முதலில் ஆர்க்-சி 22 தானா என்று பார்க்கும். பெயர் ஒன்று, விலை ஒன்று, பத்து நாளைக்கு இருபது வேளை. கூடினாலும் குறைந்தாலும், எத்தனை வந்தது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்புறம் ஒவ்வோர் அளவையும் கடைசி எழுத்து வரை படித்ததா என்று பார்க்கும். அதற்கு அப்புறம், வாங்கிய அளவுகளை எல்லாம் வரிசையாகத் திருப்பி அச்சிட்டு, மொத்த லிட்டரைச் சொல்லி, கடைசியாகத்தான் பணம். மொத்த லிட்டரை நான் வாய்விட்டுப் படிப்பேன். அம்மா சுவரில் எண்ணிச் சொல்வார். ஆமாம், கரித்துண்டு மறுபடி வந்துவிட்டது. நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். விட்டுப்போன அந்த ஒரு நாள் காலைக்கும் சேர்த்துக் கோடு போட்டுக்கொண்டார்.

போன மாதக் கடைசிக் கணக்கில், இருபது அளவும் தட்டி என்டர் கொடுத்ததும் '23 வந்திருக்கிறது' என்று சொல்லி நின்றுவிட்டது. செல்லில் புள்ளி பொத்தானும் இடைவெளிப் பொத்தானும் ஒட்டிக்கொண்டு இருப்பதால், ஓர் இடத்தில் புள்ளிக்குப் பதிலாக இடைவெளி விழுந்திருக்கிறது. 4.5 என்பது 4 தனியாக, 5 தனியாக ஆகிவிட்டது. பழைய புரோகிராமாக இருந்தால் நாலரை லிட்டரை ஒன்பது லிட்டர் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கும். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. செல்லை அம்மாவிடம் காட்ட முடியாது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, முதல் கோட்டில் இருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார். நான் வரியில் விரலை வைத்துக்கொண்டே போனேன். எட்டாம் நாள் காத்தால, நாலரை. அங்கேதான்.

திருத்தி என்டர் தட்டினேன். 79 லிட்டர் என்று படித்தேன். அம்மா அரைக் கோடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணி முடித்து, "எழுபத்தொம்போது" என்றார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

— மூன்றாமாண்டு, கணிப்பொறித் துறை